சோலைமட்டத்தில் பேச்சு உதிரும் நாள்

சதானந்தமும் வசுமதியும் சோலைமட்டத்து ஏரிக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கிய மத்தியானம், சில நாளாக ஊரை மூடியிருந்த மேகம் விலகி வெயில் வந்திருந்தது, மேகத்துக்குள் ஊரார் பேசிய பேச்செல்லாம் அந்த வெயிலில் ஒன்றொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஆளில்லாத படகுத்துறையில் யாரோ யாரிடமோ கயிறு கேட்டார்கள். பூட்டிக்கிடந்த பேக்கரி வாசலில் ஒரு பெண் குரல், இதையே எத்தனை தடவை சொல்லுவே என்று அலுத்துக்கொண்டது. நடுச்சாலையில், ஈ காக்கை இல்லாத இடத்தில், இரண்டு பேர் பூண்டு மூட்டைக்குப் பேரம் பேசி, கோபித்துக்கொண்டு, சமாதானமாகி, சிரித்து ஓய்ந்தார்கள். குரல் இருந்தது, ஆள் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த சதானந்தம் அந்தப் பேரத்துக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினார்.

“யாரோ ரேடியோ வெச்சிருக்காங்க போல,” என்றார்.

“ரேடியோவுல பூண்டு மூட்டை விக்க மாட்டாங்க,” என்றாள் வசுமதி.

அதற்குள் கரை நெடுக வீடுகளிலிருந்து பெண்கள் வெளியே வந்து எவர்சில்வர் தட்டுகளைக் கரண்டியால் அடிக்கத் தொடங்கினார்கள், டீக்கடைக்காரர் காலி பிஸ்கட் தகரத்தைத் தட்டினார், இவர்களை இறக்கிவிட்ட பஸ்ஸின் டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஏதோ ஒரு ஆணின் தழுதழுத்த குரலை, அது முடியும்வரை, எல்லோருமாகச் சேர்ந்து சத்தத்தால் மூடினார்கள். முடிந்ததும் தட்டுகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி உள்ளே போய்விட்டார்கள்.

லாட்ஜ் வைத்திருந்த எஸ்தரம்மா, சாவியைக் கொடுக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். “வெந்நீர் காலையில மட்டும்தான் வரும். கம்பளி ஆளுக்கு ரெண்டு. குரங்கு வரும், ஜன்னலைச் சாத்தி வைங்க. மேகம் எறங்குனப்புறம் வெளியில நின்னு பேசுனா, வெயில் வந்ததும் அது மறுபடி ஒருதடவை கேக்கும், அதனால பாத்துப் பேசிக்குங்க. இட்லி வேணும்னா முந்தின நாளே சொல்லிரணும்.”

“எது பேசினாலும் கேக்குமா?” என்றாள் வசுமதி.

“தும்மல் வரைக்கும்.”

“நல்லாருக்கே,” என்றாள் வசுமதி, மலைவாழைப்பழம் நன்றாயிருக்கிறது என்பது மாதிரி. சதானந்தம் வெந்நீர் விஷயத்தை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டார்.

கரூரில் சதானந்தத்துக்குக் கண்ணாடிக் கடை. நாள் முழுக்க வருகிறவர்களின் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, இப்ப தெளிவா இருக்கா, இதுக்கு முந்தினது தெளிவா இருந்துச்சா என்று கேட்பது அவர் தொழில். முப்பது வருஷமாக அதையே கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி அவருக்குள்ளேயும் குடிவந்துவிட்டது. சாம்பாரில் உப்புப் போடுவதிலிருந்து மகனை வடக்கே வேலைக்கு அனுப்பியதுவரை எதைச் செய்தாலும் செய்தது தெளிவா, செய்யாமல் விட்டது தெளிவா என்று தனக்குத்தானே வில்லை மாற்றிக்கொண்டிருப்பார். வசுமதி கால்நடை டாக்டர். அவளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. வயிற்றுக்குள் கன்று குறுக்கே திரும்பிக் கிடந்தால் கையை விட்டு நேராக்க வேண்டும், யோசித்தால் தாயும் போய்விடும்.

இப்போது அவளுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. தெற்கே கடலோரத்தில் ஒரு பெரிய மாட்டுப் பண்ணைக்குத் தலைமை டாக்டர், அங்கேயே தங்க வீடு. வேலையை ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று திங்கட்கிழமை அவள் பதில் சொல்ல வேண்டும். கண்ணாடிக் கடையைத் தூக்கிக்கொண்டு சதானந்தம் அங்கே போக முடியாது. முன்பும் இப்படி ஒரு வாய்ப்பு வந்து, அவள் கேட்டபோது அவர் “ம்” என்றார், அந்த ஒரு “ம்”மில் என்ன இருந்ததோ, அவள் அதைப் பற்றி மறுபடி பேசவேயில்லை. இந்தத் தடவை அவள் முந்திக்கொண்டாள்.

“எங்கேயாவது போலாம். சீசன் இல்லாத எடமா, கூட்டம் இல்லாம. அங்க வெச்சு நீங்க எனக்கு ஒரு பதில் சொல்லணும். ‘உன் இஷ்டம்’னு சொல்லக் கூடாது. ‘ம்’முன்னும் சொல்லக் கூடாது. வாயத் தெறந்து சொல்லணும்.”

மலை ஏறுகிற பஸ்ஸில் வளைவுக்கு வளைவு சதானந்தம் அந்தப் பதிலை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். போ என்று சொல்ல வேண்டும். சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதில் மூன்றாவதுதான் கடினம் என்று அவருக்குப் பட்டது.

இந்தப் பேச்சு உதிர்கிற சங்கதிக்குக் காரணம் என்ன என்று சோலைமட்டத்தில் யாரும் தேடிக்கொண்டு திரியவில்லை. ஒருமுறை கீழேயிருந்து படித்தவர்கள் சிலர் கருவிப் பெட்டிகளோடு வந்து, மேகத்துக்குள் நின்று எதையெதையோ அளந்து, அளந்தது ஒத்துவராமல் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். வெயில் வந்தபோது அந்தத் திட்டை ஊரே கடலை கொறித்தபடி உட்கார்ந்து கேட்டது, அத்தோடு ஆராய்ச்சி முடிந்தது. சீசனில் இதெல்லாம் தெரியாது, அப்போது வண்டியும் ஜனமுமாக இரைச்சல் ஓயாது, மேகத்துக்கும் உட்கார்ந்து கேட்க நேரம் இருக்காது. மழை முடிந்து, லாட்ஜுகள் பாதி மூடி, பெடல் படகுகளைக் கவிழ்த்துப் போட்ட பிறகுதான் மேகம் சாவகாசமாக இறங்கி, ஏரியின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும்.

ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றி அமைத்துக்கொண்டிருந்தது. பெண் பார்த்துவிட்டு வந்து பேசுகிற பேச்சை, கதவிடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்துவிட்டுப் பேசினார்கள். பூண்டு வியாபாரிகள் இதற்கு நேர் எதிர், பேரத்தை முடிக்கும்போது வேண்டுமென்றே வெளியே வந்து மேகத்துக்குள் நின்று முடித்தார்கள், வெயில் வந்தால் ஊரே சாட்சி, பத்திரம் எழுத வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாட்டைக் காலையில் மேகத்தில் ஒருதடவை கத்திவிட்டு, மத்தியானம் வாத்தியார் கேட்கும்போது வெயில் சொல்லட்டும் என்று கைகட்டி நின்றார்கள். சவரியார் என்கிறவர் மேய்ச்சலுக்குப் போன தன் பசுவை மேகத்தில் கூப்பிட்டுவிட்டு அன்றைக்கே நெஞ்சு வலித்து இறந்துபோனார். அடக்கம் முடிந்து ஜனம் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புகிற நேரத்தில் வெயில் வந்தது, அவர் குரல் கூப்பிட்டது, பசு வந்து நின்றது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. ஒருவர் போய் அதற்குப் புல் போட்டார்.

ஆனால் எல்லாப் பேச்சும் ஊர் கேட்கிற பேச்சாக இருப்பதில்லை. தாங்க முடியாமல் வெளியே போய் வாய்விட்டுச் சொன்னது, தனியாக இருக்கிறோம் என்று நினைத்துச் சொன்னது, சொல்லிய மறுகணமே திரும்ப எடுத்துக்கொள்ள நினைத்தது என்று எல்லா வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கும். அதற்கு ஊர் ஒரு வழி வைத்திருந்தது. எனக்கு ஒரு சத்தம் குடுங்க என்று யாராவது ஒருவரிடம் சொல்லிவிட்டால் போதும். இடத்தை மட்டும் கேட்பார்கள், விஷயத்தைக் கேட்க மாட்டார்கள். உதிரும்போது தட்டும் தகரமும் மணியுமாக மூடிவிடுவார்கள். யாருக்காக என்று பக்கத்து வீட்டாரிடமும் கேட்கக் கூடாது.

இவர்கள் வந்த அன்று சாயங்காலமே மறுபடி மேகம் இறங்கிவிட்டது. மறுநாள் வசுமதிக்குக் கொண்டாட்டமாகிப்போனது. கவிழ்த்துக் கிடந்த படகு ஒன்றைப் புரட்டிப் போடச் சொல்லி, சதானந்தத்தை ஏற்றி, எதிரே ஏரி இருக்கிறதா கரை இருக்கிறதா என்று தெரியாத வெள்ளையில் மிதித்துக்கொண்டு போனாள்.

“எங்க போறோம்?” என்றார் சதானந்தம்.

“மிதிச்சாத் தெரியும். நீங்க மிதிக்கவே இல்ல, காலை மேல வெச்சுட்டு வர்றீங்க.”

“மிதிக்கிறேனே.”

“இது நாளைக்கு ஊருக்கே கேக்கும், தெரியுமில்ல. பொய் சொல்லாதீங்க.”

ஏரிக்கு நடுவில் படகை நிறுத்திவிட்டு அவள் தன் வித்தையைக் காட்டினாள். கன்று கத்துவதுபோல அவளுக்குக் கத்த வரும். பால் சுரக்காமல் முரண்டு பண்ணுகிற மாட்டின் காதோரம் போய் அப்படிக் கத்தினால் மடியில் பால் இறங்கிவிடும் என்பது அவள் அனுபவம். தொண்டையை உள்ளே இழுத்து, கன்று பிறந்த அன்றைக்குக் கத்துகிற கத்தல், ஒரு வாரக் கன்றின் கத்தல், பசித்த கன்றின் கத்தல் என்று மேகத்துக்குள் ஒவ்வொன்றாக விட்டாள். “வெயில் வரட்டும், வேடிக்கை இருக்கு,” என்றாள். ஐம்பத்திரண்டு வயசில் ஒருத்தி படகில் உட்கார்ந்து கன்றுக்குட்டியாகக் கத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சதானந்தம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதிலை நாளைக்குத் தள்ளிப்போட்டார்.

அதற்கு மறுநாள் காலை எஸ்தரம்மாவின் பசுவுக்கு மடி வீங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் வசுமதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டாள். சதானந்தம் மட்டும் நடக்கப் போனார். தன் கையே தனக்குத் தெரியாத வெள்ளை. யூகலிப்டஸ் வாசனை மட்டும் வழிகாட்டியது. தடவித் தடவிப் படகுத்துறை பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தவர், சுற்றிலும் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் காதுக்கும் எதுவும் எட்டாது என்று ஒரு கண்ணாடிக் கடைக்காரரால்தான் நினைக்க முடியும். அவர் அப்படித்தான் நினைத்தார், நினைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். முதலில் முணுமுணுப்பாக, பிறகு பக்கத்தில் ஆள் இருப்பது மாதிரி, பிறகு கொஞ்சம் உரக்க, கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. என்ன பேசினார் என்று எழுந்தபோது யோசித்துப் பார்த்தார், ஒரே ஒரு சொல்தான் நினைவில் நின்றது. போகாதே.

அது வெளியே போனதும் உடம்பு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. மத்தியானம் சாப்பாட்டில், எஸ்தரம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, அவர் வசுமதியின் முகத்தைப் பார்த்தார், சிரித்தார், சொன்னார். “வசு, நீ போ. சந்தோஷமாப் போ. கடையையும் என்னையும் நான் பாத்துக்கறேன்.”

வசுமதி கையில் எடுத்த கவளத்தோடு அவரைப் பார்த்தாள். மாட்டின் கீழிமையை இழுத்துக் கண்ணைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. “நெஜமாவா?”

“நெஜமா.”

“செரி,” என்று சொல்லி அந்தக் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, “அங்க கடல் காத்து. நாட்டு மாடு நெறைய,” என்றாள், அதற்குப் பிறகு அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவர் இதுவரை அவள் பிள்ளை பெற்ற அன்றைக்கு மட்டும்தான் பார்த்திருந்தார்.

“நாளைக்கு நல்ல வெயில் அடிக்கும்,” என்றார் எஸ்தரம்மா, ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு. “எனக்கு முட்டி வலி விட்டுருச்சு.”

அப்போதுதான் சதானந்தத்துக்கு வெந்நீர் தவிர மற்றதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

ஹனீபா பாயின் டீக்கடை படகுத்துறைக்கு எதிரே இருந்தது. சதானந்தம் போய் நின்ற நிற்பைப் பார்த்தே பாய் கண்ணாடி டம்ளரை எடுத்தார்.

“பாய், மேகத்துக்குள்ள கொஞ்சம் பேசிட்டேன்.”

“எல்லாரும் பேசுறதுதான் சார். டீயா, சுக்குக் காப்பியா?”

“என் சம்சாரம் கேக்கக் கூடாது.”

ஆற்றிக்கொண்டிருந்த டீயைப் பாய் கீழே வைத்தார். “எந்த எடம்?”

“படகுத்துறை பெஞ்சு.”

“அய்ய. வேற எடமே கெடைக்கலியா சார்? ஏரி தட்டு மாதிரி இருக்கு, அங்க விழுந்தா சர்ச் மேட்டுல நிக்கிற ஆளுக்கும் கேக்கும். லாட்ஜ் ரூமுக்குள்ள கட்டிலுக்கு அடியில படுத்தாலும் கேக்கும். எம்புட்டு நேரம்?”

“ஒரு டீ ஆறுற நேரம் இருக்கும்.”

“உங்க ஊர் டீயா, எங்க ஊர் டீயா? இங்க ஊத்துறதுக்குள்ள ஆறிரும்.” பாய் குரலைத் தாழ்த்தினார். “தப்பா நெனைக்காதீங்க. அழுதீங்களா?”

“கொஞ்சம்.”

“அழுகை கலந்தாக் கனம். சீக்கிரம் விழுந்துரும். மொதல்ல இருந்தே தட்டணும்.”

“யாரு சொன்னா?” என்றபடி பன் வாங்க வந்த எஸ்தரம்மா நடுவில் புகுந்தார். “அழுகைன்னா ஈரம். ஈரம் காய நேரமாவும். எங்க வீட்டுக்காரர் பேசுனது அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் தொங்கிட்டே கெடந்துச்சு.”

“அவரு குடிச்சிட்டுப் பேசுனது எஸ்தரம்மா. அது வேற கணக்கு.”

“ஒனக்கு எல்லாம் தெரியும் பாரு.”

“ரெண்டு பேரும் கொஞ்சம் கேளுங்க,” என்றார் சதானந்தம். “அவளைப் போகாதேன்னு சொல்லிட்டேன். அதான் விஷயம்.”

பாய் தலையில் கை வைத்தார். “விஷயத்தைச் சொல்லாதீங்க சார். சொன்னா நாங்க தெரிஞ்சதாப் போயிரும்.”

“இம்புட்டுத்தானா?” என்றார் எஸ்தரம்மா. “நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். கட்டுனவளைப் போகாதேன்னா கேட்டுட்டுப் போவட்டுமே. காதுல விழுந்தாக் கொறைஞ்சா போயிருவா?”

“கேட்டா அவ போக மாட்டா எஸ்தரம்மா. முந்தி ஒருக்கா என் ஒரு ‘ம்’முக்கே நின்னுட்டா. திங்கக்கெழமை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம சமையல்கட்டுக்குப் போயிருவா. நீங்க பாத்தீங்கல்ல, மத்தியானம் அவ மூஞ்சிய.”

எஸ்தரம்மா பன்னைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். பாய் டீயை மறுபடி ஆற்றி சதானந்தத்தின் கையில் கொடுத்தார், அது ஆறிப்போயிருந்தது.

“அவங்களை நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுல கூட்டிட்டுப் போயிருங்களேன்,” என்றார் பாய்.

“கேட்டுப் பாத்துட்டேன். அவ கத்துன கன்னுக்குட்டி விழறதைக் கேக்காம வர மாட்டாளாம்.”

“அப்ப ஊர் பாத்துக்கும்,” என்றார் பாய்.

ஊர் பார்த்துக்கொண்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து ஜனம் வீட்டுக்குப் போகாமல் அப்படியே ஏரிக்கரைக்கு வந்தது. தட்டுகள் வந்தன, கரண்டிகள் வந்தன, பால் கேன்கள் வந்தன, பூண்டு வியாபாரிகள் தராசுத் தட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள், மத்தியான பஸ்ஸின் டிரைவர் வண்டியைத் துறையை ஒட்டித் திருப்பி நிறுத்தி ஹாரனுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேகம் சாம்பிராணிப் புகைபோல அங்கங்கே பிய்ந்துகொண்டிருந்தது. பெஞ்சுக்குப் பக்கத்தில் காவலுக்கு நிற்பவர் மாதிரி சதானந்தம் நின்றார். வசுமதி எஸ்தரம்மாவிடம் ஒரு பெரிய தட்டும் குழிக்கரண்டியும் கேட்டு வாங்கிக்கொண்டு உற்சாகமாக வந்து சேர்ந்தாள்.

“இன்னிக்கு யாருக்கோ பெரிசா சத்தம் குடுக்கறாங்களாம். யாருன்னு கேக்கக் கூடாதாம்,” என்றாள். “பாவம், என்ன கஷ்டமோ. நானும் தட்டறேன்.”

“நீ எதுக்கு? நீ லாட்ஜுல இரு, குளுருது.”

“ஒரு ஊருக்கு வந்தா ஊரோட இருக்கணும்ங்க.”

முதலில் ஏரிக்கு நடுவில் கன்றுகள் உதிர்ந்தன. பிறந்த கன்று, ஒரு வாரக் கன்று, பசித்த கன்று. ஊர் சிரித்துக்கொண்டே கேட்டது. சிரித்து முடிப்பதற்குள் மேட்டிலிருந்தும் சந்துகளிலிருந்தும் தும்பை அறுத்துக்கொண்டு மாடுகள் இறங்கி வந்து, தண்ணீரோரம் வரிசையாக நின்று, இல்லாத கன்றுகளைத் தேடி ஏரியைப் பார்த்துக் கத்தின. பின்னாலேயே, மிதிக்கிறேனே என்று சதானந்தத்தின் பொய் உதிர்ந்தது, ஊர் இன்னொரு தடவை சிரித்தது. பிறகு படகுத்துறையின் மேலிருந்த கடைசி மேகம் மெலிந்தது. ஹனீபா பாய் பிஸ்கட் தகரத்தை உயர்த்தினார்.

அப்படி ஒரு சத்தத்தைச் சதானந்தம் தன் ஆயுளில் கேட்டதில்லை. தட்டும் தகரமும் தராசும் ஹாரனும் சர்ச் மணியும் மாடுகளுமாக ஏரி அதிர்ந்தது. எதிர்க்கரை வரைக்கும் யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. ஆனால் அவர் பெஞ்சை ஒட்டி நின்றார், குரல் அவர் காதோரம்தான் விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தன் ஆயுளின் பெரிய சோகம் ஒன்று தன் குரலிலேயே வரப்போகிறது என்று காத்திருந்தார்.

“தொவரம் பருப்பு எந்த டப்பாவுல இருக்குன்னே எனக்குத் தெரியாது வசு,” என்றது அவர் குரல்.

சதானந்தம் கண்ணைத் திறந்தார். வேறு யாருடைய பேச்சோ இடம் மாறி விழுகிறது என்று ஒரு கணம் நினைத்தார். குரல் அவருடையதுதான். ஜலதோஷம் பிடித்த பிள்ளையின் குரல் மாதிரி அது சிணுங்கிக்கொண்டே போனது. கேஸ் தீர்ந்தால் யாருக்குப் போன் பண்ணுவது, மழை பெய்தால் எந்த ஜன்னல் வழியாகத் தண்ணீர் வரும், காப்பித்தூளில் சிக்கரி எவ்வளவு. இதைத்தானா அழுதுகொண்டு பேசினோம், ஒரு மனுஷியைப் பிரிவதற்கு வருத்தப்பட்டோமா, வேலைக்கு ஆள் போகிறதென்று வருத்தப்பட்டோமா, எது தெளிவு என்று அவர் தனக்குள் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். இதை மறைக்கவா ஊரைக் கூட்டினோம் என்று காது சூடானது.

“சமையக்கட்டு அலமாரியில மூணாவது அடுக்கு,” என்றது ஒரு குரல். “செவப்பு மூடி.”

வசுமதி அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். தட்டுவதை நிறுத்தவில்லை, தாளமும் பிசகவில்லை, முகம் மாடுகளைப் பார்த்தபடி இருந்தது.

“பால்காரன் பேரு கூட எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமா ஊத்தறான்,” என்றது பெஞ்சின் மேலிருந்த குரல்.

“சின்னராசு,” என்றாள் வசுமதி.

“மாத்திரையில வெள்ளை காலையிலயா, ராத்திரியா?”

“வெள்ளை காலைல. மஞ்சள் ராத்திரி. மாத்திப் போட்டுறாதீங்க, மயக்கம் வரும்.”

சதானந்தம் அவள் பக்கம் திரும்பினார். குரல் மூக்கை உறிஞ்சியது. கொஞ்ச நேரம் வெறும் மூச்சு மட்டும் விழுந்தது. மேகம் முழுசாகக் கலைந்து பெஞ்சின் மேல் வெயில் பட்டது, அந்த வெயிலோடு அவர் பயந்துகொண்டிருந்த அந்தச் சொல் வந்தது, அவர் பயந்த அளவுக்குப் பெரிதாக இல்லாமல், பலகையில் விழுகிற ஒரு சொட்டுத் தண்ணீர் மாதிரி.

வசுமதி குழிக்கரண்டியைத் திருப்பிப் பிடித்தாள். தட்டின் நடுவில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். ஹாரன் நின்றது, மணி நின்றது, பாய் தகரத்தை இறக்கி வைத்தார், மாடுகள் மிரண்டு மேட்டுக்கு ஏறின, கரையிலிருந்த அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவள் ஒருத்தி மட்டும் அடித்துக்கொண்டிருந்தாள், கை ஓயும்வரை.

பிறகு ஜனம் அதனதன் வழியில் கலைந்தது. யாரும் இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எஸ்தரம்மா, மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்துவிடவா என்று மட்டும் தூரத்திலிருந்து கேட்டார்.

“வசு,” என்றார் சதானந்தம். “கேட்டுச்சா?”

“பருப்பு கேட்டுச்சு. பாலு கேட்டுச்சு. மாத்திரை கேட்டுச்சு.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் என் தட்டுச் சத்தம்தான் கேட்டுச்சு.” அவள் மூச்சு வாங்கிக்கொண்டு முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள், கண்ணையும் அதோடு சேர்த்துத் துடைத்தாள். “வரேன்னு நாளைக்கு எழுதிக் குடுத்துடறேன். வேலையில சேர இன்னும் நாள் இருக்கு. அதுக்குள்ள குக்கர் வைக்கச் சொல்லித் தரேன், கத்துக்குங்க.”

“ம்,” என்றார் சதானந்தம். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “செரி. கத்துக்கறேன். போ வசு.”

இந்தத் தடவை அவர் சிரிக்க மறந்துவிட்டிருந்தார். அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். கையிலிருந்த தட்டைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் உள்ளங்கை அளவுக்குக் குழி விழுந்திருந்தது, இனி அதில் யாரும் சாப்பிட முடியாது.

“எஸ்தரம்மாவுக்குப் புதுசு வாங்கிக் குடுக்கணும்,” என்றாள்.

“வாங்கிரலாம். இதை நான் வீட்டுக்கு எடுத்துக்கறேன்.”

“எடுத்துக்குங்க. மூணாவது அடுக்குல எடம் இருக்கு.”